வாங்கும்போது 15, கொடுக்கும்போது 6!

டோல்கேட்! பெயரைச் சொன்னால் போதும், வடசென்னை உழைப்பாளி இறங்கவேண்டிய இடத்தில் இறங்கிவிடுவான். ஆனால் அந்த டோல்கேட் எங்கே என்று கேட்டால் விரல் நீட்டிக் காட்ட ஒன்றுமில்லை. தடுப்புக் கட்டை இல்லை, காவற்காரன் இல்லை, காசு வாங்கிப் போட்ட பெட்டியும் இல்லை. சாவடி மறைந்து எத்தனையோ காலமாயிற்று. பெயர் மட்டும் பிழைத்துக் கிடந்தது. 2021 பிப்ரவரி 14ஆம் நாள் வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகருக்கு மெட்ரோ ரயில் நீண்டபோது, பிழைத்துக் கிடந்த பெயருக்கு ஒரு நிலையமும் கிடைத்தது.

சாவடி போயிற்று, சுங்கம் போயிற்றா? எண்ணூர் நெடுஞ்சாலையைப் பாருங்கள். இராயபுரத்துப் பக்கம் ஜீரோ கேட்டை நோக்கி எறும்புச் சாரியாக நிற்கின்றனவே கண்டெய்னர் லாரிகள், அவை ஒவ்வொன்றின் பின்னாலும் ஒரு கணக்கு நிற்கிறது. அடிப்படைத் தீர்வை இவ்வளவு, அதன் தலையில் ஏறி உட்காரும் மேல்வரி இவ்வளவு, ஜி.எஸ்.டி. இவ்வளவு என்று இராஜாஜி சாலைக் கஸ்டம்ஸ் மாளிகையின் கணிப்பொறி கூட்டிக் கழித்துக் காட்டும் கணக்கு அது. பழைய சாவடியில் மாட்டுவண்டிக்காரன் இடுப்பிலிருந்து காசை எடுத்தான். இன்று விரல் நுனியில் பணம் பறக்கிறது. கட்டினால்தான் சரக்கு வெளியே வரும்.

சுங்கமே ஆகாது என்று சொல்பவர்கள் அல்ல நாம். உல்கு என்று அதற்குத் தமிழில் பெயரிட்டு, அரசுக்குரிய பொருள்களில் ஒன்றாக எண்ணியவர் வள்ளுவர். காவிரிப்பூம்பட்டினத்தில் மலைபோல் குவிந்த பண்டங்களுக்குப் புலிச்சின்னம் பொறித்து அனுப்பிய சுங்க அலுவலரைப் பட்டினப்பாலை காட்டுகிறது. வரி வாங்கத் தெரிந்த இனம்தான் இது. ஆனால் இந்த இனத்தின் வரலாற்றில் இன்னொரு பெயரும் இருக்கிறது. முதலாம் குலோத்துங்கனுக்கு எத்தனையோ பட்டங்கள். மக்கள் வாயில் நின்றது ‘சுங்கம் தவிர்த்த சோழன்’ என்பது. ஒன்பது நூற்றாண்டுகள் கடந்த பிறகும் அந்தப் பெயர் மறையவில்லை என்றால், அந்தச் சுங்கம் மக்கள் முதுகில் எப்படி அழுத்தியிருக்க வேண்டும்!

டில்லியில் இருப்போரைச் சுங்கம் தவிர்க்கும்படி நாம் கேட்கவில்லை. அதிகமாக வாங்கியதைத் திருப்பிக் கொடுங்கள், காலத்தில் கொடுங்கள், தாமதித்தால் நியாயமான வட்டியோடு கொடுங்கள் என்றுதான் கேட்கிறோம். இப்போது கேட்பதற்குக் காரணம் உண்டு.

2025 நவம்பர் 1 முதல் ஒரு புதிய ஏற்பாடு நடைமுறைக்கு வந்திருக்கிறது. அந்த ஆண்டின் நிதிச் சட்டத்தால் சுங்கச் சட்டத்தில் 18ஏ என்று ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். சரக்கு துறைமுகத்தை விட்டு வெளியேறிய பிறகும், இறக்குமதி செய்தவர் தமது ‘பில் ஆஃப் என்ட்ரி’யில் பிழை கண்டால், இணையவாசல் வழியே தாமே திருத்தலாம். திருத்தியதில் தீர்வை கூடுதலாகத் தெரிந்தால் வட்டியோடு கட்டவேண்டும். குறைவாகத் தெரிந்தால், அதாவது முன்பு அதிகமாகக் கட்டியது தெரிந்தால், அந்தத் திருத்தமே ரீபண்டு கேட்கும் மனுவாகக் கொள்ளப்படும். தனி மனு வேண்டாம். தனித் தாள் வேண்டாம்.

நல்ல ஏற்பாடு. நல்லதை நல்லது என்று சொல்வதற்கு நமக்குத் தயக்கமில்லை.

இதன் அருமை தெரியவேண்டுமானால் நேற்றுவரை இருந்த நிலை தெரியவேண்டும். சரக்கின் வகையை மாற்றிக் குறித்திருக்கலாம். சலுகை அறிவிப்பு ஒன்றைக் கவனிக்காமல் விட்டிருக்கலாம். விலையில் ஒரு பூச்சியம் கூடியிருக்கலாம். தவறுதலாகக் கட்டிய தீர்வைதானே, மனுப் போட்டு வாங்கிக்கொள்ளலாம் என்று பலர் நினைத்திருந்தார்கள். 2019 செப்டம்பரில் ஐ.டி.சி. நிறுவனத்தின் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது: தீர்வை மதிப்பீடு என்பது ஓர் ஆணை, அந்த ஆணையை முதலில் மாற்றிக்கொண்டு வா, பிறகு ரீபண்டு கேள். ஆணையை மாற்ற மேல்முறையீடு; அல்லது பில்லைத் திருத்தித் தரும்படி ஒரு மனு. மனு பலித்தால் ரீபண்டுக்கு இன்னொரு மனு. ஒரு வாசலில் நின்றவன் இரண்டு வாசலில் நின்றான். பெரிய நிறுவனத்துக்கு வழக்கறிஞர் படை உண்டு. திருவொற்றியூரில் நாலு லேத்து வைத்துப் பிழைக்கும் பட்டறைக்காரருக்கு யார் உண்டு? போனது போகட்டும் என்று தலையில் கைவைத்துக்கொண்டவர்களை நாம் அறிவோம்.

அதற்கும் முந்தைய காலத்தைச் சொல்லவா? நான்கு விழுக்காடு சிறப்புக் கூடுதல் தீர்வை என்று ஒன்று இருந்தது. முதலில் கட்டு, பிறகு சரக்கை உள்நாட்டில் விற்று விற்பனை வரி செலுத்து, அதற்குப் பிறகு வந்து கட்டியதைத் திரும்ப வாங்கிக்கொள் என்று 2007 செப்டம்பரில் ஓர் அறிவிப்பு. கேட்க இனிப்பாகத்தான் இருந்தது. வாங்கப் போனவர்களுக்கல்லவா தெரியும்! ஒரு கண்டெய்னர் சரக்கை இருநூறு கடைக்கு விற்றிருந்தால் இருநூறு விற்பனைப் பட்டியல். ஒவ்வொரு பட்டியலிலும், இதன்பேரில் வரிக்கழிவு கிடையாது என்ற வாசகம். வரி கட்டிய சலான். ஆடிட்டர் சான்று. தீர்வை கட்டிய ரசீது. கட்டுக் கட்டாகத் தாள்களைச் சிவப்பு நாடாவால் கட்டித் தோளில் சுமந்துகொண்டு, மண்ணடி லிங்கிச் செட்டித் தெருவிலிருந்தும் அங்கப்ப நாயக்கன் தெருவிலிருந்தும் கிளியரிங் ஏஜெண்ட் அலுவலகத்துப் பையன்கள் கஸ்டம்ஸ் மாளிகைக்கு நடந்தார்கள். இராயபுரத்துப் பிள்ளைகள், காசிமேட்டுப் பிள்ளைகள், நமது டோல்கேட் பிள்ளைகள். ஒரு பட்டியலில் வாசகம் விட்டுப்போயிருந்தால் கட்டு திரும்பி வரும். 2017 ஜூலை 1ஆம் நாள் ஜி.எஸ்.டி. பிறந்தபோதுதான் அந்தத் தீர்வையும், அதைத் திரும்ப வாங்கும் திருவிழாவும் முடிந்தன.

ஆகவே தாள் போய்க் கணிப்பொறி வருவதைக் கண்டு கண்ணீர் விட நாம் தயாரில்லை. இயந்திரத்தைக் கண்டு மிரள்வது நமது இயக்கத்தின் வழக்கமும் அல்ல. ஆளுக்கொரு பேசும் கருவி கையோடு வரும் காலத்தை, ரேடியோப் பெட்டியே அதிசயமாக இருந்த நாளில் ‘இனிவரும் உலகம்’ என்று எழுதிக் காட்டியவர் பெரியார். அவர் வழி வந்தவர்கள் நாம். இயந்திரம் வரட்டும்! வந்து யாருக்கு உழைக்கிறது என்பதே நம் கேள்வி.

“கஸ்டம்ஸ் ரீபண்டா? அது சேட்டுக்கும் முதலாளிக்கும் உள்ள விவகாரம். ஷிப்டு முடிந்து வீடு திரும்பும் எனக்கு அதில் என்ன?” என்று தோழர் ஒருவர் கேட்கலாம். கேட்கவேண்டிய கேள்விதான்.

எண்ணூரில் அசோக் லேலண்டு எழுந்த நாளிலிருந்தும், திருவொற்றியூரில் என்பீல்டு புல்லட் உறுமத் தொடங்கிய நாளிலிருந்தும், பெரிய ஆலைகளுக்குத் துண்டு துக்காணிச் சாமான் செய்து கொடுக்கும் சிறு பட்டறைகள் இந்தப் பகுதியில் முளைத்தன. அப்படி ஒரு பட்டறையை வைத்துக்கொள்வோம். பத்துப் பேர் வேலை செய்கிறார்கள். வெளிநாட்டிலிருந்து ஓர் இயந்திரம் வாங்கியதில், வகைப் பிழையால் ஒரு லட்ச ரூபாய் தீர்வை அதிகமாகப் போய்விட்டது. பட்டறைக்காரர் அதைத் திரும்பக் கேட்கிறார். வரவில்லை. சம்பள நாள் வருகிறது, ஆயுத பூசை வருகிறது, பொங்கல் வருகிறது. “ரீபண்டு வரட்டும் பார்க்கலாம்” என்கிறார் முதலாளி. இப்போது சொல்லுங்கள் தோழர்களே, அந்த ஒரு லட்சம் கஸ்டம்ஸ் கணக்கில் மட்டுமா நிற்கிறது? பத்துக் குடும்பத்து அடுப்பிலல்லவா நிற்கிறது!

இதில் முதலாளிக்கும் ஒரு வார்த்தை சொல்லவேண்டும். ரீபண்டு வராததைச் சாக்காக வைத்துக் கூலியைத் தள்ளிப்போடும் வழக்கத்தை நாம் ஒப்பமாட்டோம். குறைந்தபட்சப் போனஸ் 8.33 விழுக்காடு என்பது சட்டம் தருவது. டில்லியின் ரீபண்டைப் பார்த்து நிற்பதல்ல. இன்னொன்று. முன்பெல்லாம் மனு எந்த மேசையில் தூங்குகிறது என்பது யாருக்கும் தெரியாது. இனி திருத்தம் போட்ட தேதி இணையவாசலில் பதிவாகிறது. சங்கத் தோழர்கள் அந்தத் தேதியைக் கேட்கட்டும். “போட்டேன் போட்டேன்” என்று சொல்லிப் போடாமலே இருந்தவர்கள் யார், போட்டும் கிடைக்காதவர்கள் யார் என்பது அப்போது வெளிச்சமாகும்.

சரி, போட்டும் கிடைக்காதவர் கதைக்கு வருவோம். கடுகளவும் கூட்டிச் சொல்லாமல் கணக்கைச் சொல்கிறோம்.

அவர் ஒரு லட்சம் குறைவாகக் கட்டியிருந்தால் என்ன ஆகும்? சுங்கச் சட்டத்தின் 28ஏஏ பிரிவின்படி ஆண்டுக்கு 15 விழுக்காடு வட்டி. ஓராண்டு ஆனால் பதினையாயிரம் ரூபாய். அறியாமல் செய்த பிழை என்றாலும் வட்டி வட்டிதான். அவர் ஒரு லட்சம் அதிகமாகக் கட்டியிருந்தால் என்ன ஆகும்? 27ஏ பிரிவு. மனு கிடைத்த நாளிலிருந்து மூன்று மாதம் வரை வட்டி ஒரு காசு கிடையாது. அதற்கு மேல் தாமதித்தால் ஆண்டுக்கு 6 விழுக்காடு. மனுப் போட்டு ஓராண்டு கழித்துப் பணம் வந்தால் ஒன்பது மாதத்துக்கு நாலாயிரத்து ஐந்நூறு ரூபாய். பணம் கட்டிய நாளுக்கும் மனுப் போட்ட நாளுக்கும் இடையே ஓடிய மாதங்களுக்கு? அதற்குக் கணக்கே இல்லை.

அதே ஓராண்டில் பட்டறைக்காரர் என்ன செய்திருப்பார்? கடன் வாங்கியிருப்பார். வங்கி வாசலில் நின்று பயன் காணாமல், தெரிந்தவரிடம் மாதம் இரண்டு வட்டிக்கு வாங்கியிருந்தால் இருபத்து நாலாயிரம். தண்டல்காரரிடம் போயிருந்தால் கணக்குச் சொல்லவே வேண்டாம். பிடித்தம் போக மீதியைக் கையில் கொடுத்து, நாள்தோறும் வந்து வாசலில் நிற்பவர் அவர். தண்டல் என்ற சொல்லே வரி தண்டுவதிலிருந்து வந்ததுதான். சொல்லின் சொந்தக்காரர்கள் இரண்டு பேரும் பண்பிலும் ஒன்றாகவே இருக்கிறார்கள், ஒரு வேறுபாடு தவிர: தண்டல்காரர் தாம் வாங்கும் வட்டியை மறைப்பதில்லை.

வட்டியில் மட்டுமா இந்த ஓரவஞ்சனை? காலக்கெடுவைப் பாருங்கள். குறைவாகக் கட்டியதைக் கேட்டுத் துறை நோட்டீசு கொடுக்க இரண்டு ஆண்டு. மோசடி, உடந்தை என்று சொன்னால் ஐந்து ஆண்டு. அதிகமாகக் கட்டியவன் திருப்பிக் கேட்க ஒரே ஆண்டு! ஆட்சேபத்தோடு கட்டியிருந்தால் இந்தக் கெடு பொருந்தாது என்று சட்டம் சொல்வது உண்மை. ஆனால் தாம் அதிகம் கட்டுகிறோம் என்பதே தெரியாமல் கட்டியவன் எதை ஆட்சேபிப்பான்?

‘குறைபாட்டுக் குறிப்பு’ என்ற ஆயுதத்தையும் தோழர்கள் தெரிந்துகொள்ளவேண்டும். 1995ஆம் ஆண்டின் ரீபண்டு மனு விதிகளின்படி, மனு முழுமையாக இருக்கிறதா என்று பத்து வேலை நாளுக்குள் பார்க்கவேண்டும். முழுமையாக இல்லையென்றால் குறை சொல்லித் திருப்பவேண்டும். குறை தீர்த்துப் போட்ட பிறகுதான் மூன்று மாதக் கடிகாரம் ஓடத் தொடங்கும். நியாயமான விதி, நேர்மையான கையில் இருந்தால். எழுபதாம் நாளிலோ எண்பதாம் நாளிலோ ஒரு தாளைக் காணோம் என்று குறிப்பு வருமானால், ஓடிய கடிகாரம் மீண்டும் பூச்சியத்துக்குத் திரும்புமானால், அதற்குப் பெயர் விதியா, வித்தையா? வட்டி தொடங்குவது மனு கிடைத்து மூன்று மாதம் முடிந்த நாளிலிருந்து, அதிகாரி ஆணை போட்ட நாளிலிருந்து அல்ல என்று 2011இல் ரான்பாக்சி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அது கலால் வழக்கு; ஆனால் சுங்கச் சட்டத்தின் வட்டிப் பிரிவும் அதே அச்சில் வார்த்ததுதான். உச்ச நீதிமன்றம் வரை போய் ஒருவர் வாங்கிவந்த நீதியை, அடுத்தவர் மறுபடியும் படியேறித்தான் வாங்கவேண்டுமா?

இங்கேதான் இயந்திரத்துக்கு வேலை இருக்கிறது. அதற்குத் தேதி மறக்காது. மூன்று மாதம் முடிந்த மறுநாளே வட்டியைக் கணக்கிட்டு அசலோடு சேர்த்து அனுப்பு என்று ஒரு கட்டளை எழுதினால், கேட்காமலே அனுப்பும். இராஜாஜி சாலைக்கு யாரும் நடக்கவேண்டாம். எந்த மேசையின் முன்பும் கைகட்டவேண்டாம். முடியாத காரியமா? ஏற்றுமதியாளருக்கான டிராபாக் தொகையை 2024 ஜூன் 5 முதல் நேரே வங்கிக் கணக்குக்கு இணையவழியில் அனுப்புகிறார்கள். அனுப்பத் தெரிந்த கணிப்பொறிக்கு எண்ணத் தெரியாதா?

எண்ணத் தெரியும். எதை எண்ணு என்று சொல்லிவைத்திருக்கிறார்களோ அதை மட்டும் எண்ணும். அவ்வளவுதான்.

இயந்திரம் என்றால் எல்லாம் சரியாகிவிடும் என்று டில்லி மேடைகளில் முழங்குவோருக்கு இரண்டு நினைவூட்டல். 2017இல் ஏற்றுமதிக்கான ஐ.ஜி.எஸ்.டி. ரீபண்டைத் தானியங்கி ஆக்கினார்கள். ஷிப்பிங் பில்லே மனு. தனி மனு வேண்டாம் என்றார்கள். இப்போது சொல்லும் அதே சொல்! பலன்? பில்லில் எழுதிய பட்டியல் எண்ணும், ஜி.எஸ்.டி. கணக்கில் எழுதிய எண்ணும் ஒரு புள்ளி, ஒரு கோடு மாறியிருந்தாலும் இயந்திரம் விழித்தது. கப்பல் புறப்பட்ட அறிக்கை ஒத்துவராவிட்டால் நின்றது. வங்கிக் கணக்குச் சரிபார்ப்பில் தவறினால் படுத்தது. திருப்பூரின் பனியன் முதலாளியிலிருந்து ஆம்பூரின் தோல் முதலாளிவரை பணம் முடங்கிக் கிடந்தார்கள். அவர்களிடம் வேலை செய்தவர்களின் கூலியும் கூடவே முடங்கியது. கடைசியில் 2018 மார்ச்சில் ‘ரீபண்டு வாரம்’ போல ஒரு சிறப்பு இரண்டு வாரம், மே முடிவிலிருந்து ஜூனில் இன்னொன்று என்று அலுவலகங்களில் ஆளை உட்காரவைத்துத்தான் முடிச்சை அவிழ்த்தார்கள். இயந்திரம் போட்ட முடிச்சை மனிதக் கைதான் அவிழ்த்தது என்பதை மறந்துவிடாதீர்கள்.

இரண்டாவது, 2023 ஏப்ரல் 1. சுங்கம் கட்டுவதற்கு ‘மின்னணுப் பணப் பேரேடு’ என்ற புது ஏற்பாட்டை அன்றுதான் தொடங்கினார்கள். தொடங்கிய நாளே திணறல். கையில் பணம் இருந்தும் கட்ட முடியவில்லை. கட்டியும் கணக்கில் ஏறவில்லை. சரக்கு துறைமுகத்தில் நின்றது. தாமதத்துக்கான வட்டியை வாரியம் தள்ளுபடி செய்தது. அது நேர்மை, பாராட்டுகிறோம். ஆனால் கண்டெய்னர் நின்ற நாளுக்கு இடவாடகை கேட்டவர்கள் வேறு. கப்பல் கம்பெனியின் காவல் கூலி வேறு. நின்ற லாரியில் உறங்கிய டிரைவருக்கு, ஓடாத நாளுக்குப் படி யார் கொடுத்தார்? வரி வாங்கும் இயந்திரம் பழுதானாலும் பழுதின் செலவு வரி கட்டுபவன் தலையில், அவன் தலையிலிருந்து வழிந்து உழைப்பவன் தலையில்!

வணிகருக்கு வக்காலத்து வாங்குகிறது இந்த ஏடு என்று யாரும் எண்ணிவிடவேண்டாம். ரீபண்டு விவகாரத்தில் நாம் முழுமனத்தோடு ஆதரிக்கும் ஒரு விதி இருக்கிறது. பெரிய நிறுவனங்களுக்கு அது வேப்பங்காய். தீர்வையை விலையில் சேர்த்து விற்று, வாங்கியவனிடமிருந்து வசூல் செய்துகொண்ட பிறகு, அதே தீர்வையை அரசிடமிருந்தும் திரும்ப வாங்கி இரட்டை லாபம் பார்க்கக் கூடாது. 1991இல் சட்டத்தில் ஏறிய விதி; 1996 டிசம்பரில் மபத்லால் வழக்கில் ஒன்பது நீதிபதிகள் அமர்ந்து கேட்ட ஆயத்தில் உறுதிப்பட்ட விதி. சுமையைத் தாமே சுமந்ததாக மெய்ப்பிக்காதவருக்குப் போகவேண்டிய தொகை நுகர்வோர் நல நிதிக்குப் போகும். சரிதான்! அந்தக் காசு, கடைசியில் கடையில் விலை கொடுத்தவனின் காசு. சைக்கிளுக்கு டயர் வாங்கிய தொழிலாளியின் காசு. பிள்ளைக்கு பேனா வாங்கிய தாயின் காசு.

ஆனால் அந்த நிதி யாருக்காக இருக்கிறதோ அவர்களில் டோல்கேட்டில் எத்தனை பேருக்கு அதன் பெயர் தெரியும்? அதில் எவ்வளவு சேர்ந்தது, எங்கே செலவாயிற்று என்பதைத் தெருமுனையில் யார் சொன்னார்? சட்டப்படி நமக்குரியதென்று ஒதுக்கிய பணத்தின் கணக்கை நமது மொழியில் நமக்குச் சொல்லும்படி கேட்பது பேராசையா?

மொழி என்றதும் முகம் சுளிப்பவர்கள் சுளிக்கட்டும். ஒன்றிய அரசின் 1976ஆம் ஆண்டு ஆட்சிமொழி விதிகள் தமிழ்நாட்டுக்குப் பொருந்தா என்று அந்த விதியிலேயே எழுதியிருக்கிறது. யார் போராடியதால் எழுதப்பட்டது என்பது இந்த ஏட்டின் வாசகர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. இந்தியை விலக்கினோம், தமிழ் வந்து அமர்ந்ததா? படிவம் ஆங்கிலத்தில், குறைபாட்டுக் குறிப்பு ஆங்கிலத்தில், காலக்கெடு அறிவிப்பு ஆங்கிலத்தில். இரும்பை இழைக்கத் தெரிந்த பட்டறைக்காரருக்கு, தமக்கு வந்த குறிப்பு என்ன சொல்கிறது என்று தெரிந்துகொள்ள ஒரு ஆள் வேண்டும். அந்த ஆளுக்குக் கூலி வேண்டும். அவர் கேட்பது இலக்கியத் தமிழ் அல்ல. எந்தத் தாள் குறைகிறது, எந்தத் தேதிக்குள் தரவேண்டும் என்ற இரண்டு வரித் தமிழ்.

முகமும் இல்லாமல் போயிற்று. 2020 ஜூன் 8ஆம் நாள், முகமறியா மதிப்பீடு என்ற முறையை இந்தியாவிலேயே முதலில் தொடங்கிய இரண்டு ஊர்களில் சென்னையும் ஒன்று. சென்னைத் துறைமுகத்தில் இறங்கும் சரக்கின் தீர்வையை வேறு ஊரில் உட்கார்ந்திருக்கும் அதிகாரி மதிப்பிடலாம். மேசைக்கு அடியில் கை நீளாது என்றார்கள், நல்லது. ஆனால் மேசைக்கு மேலே நீட்டி விளக்கம் கேட்ட கைக்கும் இடமில்லாமல் போகக்கூடாதல்லவா?

புதிய ஏற்பாட்டிலும் ஓர் ஓட்டை உண்டு. அதிகாரியே மறுமதிப்பீடு செய்து கூட்டிய தீர்வை என்றால், அதைக் குறைத்து ரீபண்டு கேட்க 18ஏ வாசல் திறக்காது, மேல்முறையீட்டுக்குத்தான் போகவேண்டும். அதாவது வணிகன் செய்த பிழைக்கு மின்னல் வழி. அதிகாரி செய்த பிழைக்குப் பழைய மாட்டுவண்டி வழி! அதிகாரியின் ஆணையை வணிகன் தானே திருத்தக் கூடாது என்பது புரிகிறது. அந்த மேல்முறையீட்டையாவது இத்தனை நாளில் முடித்துத் தருவோம் என்று ஒரு கெடு வைப்பதில் என்ன தடை?

தோளில் கட்டுச் சுமந்த அந்தப் பிள்ளைகளை மறந்துவிட்டு இந்தத் தலையங்கத்தை முடிக்க மனம் வரவில்லை. இன்று அவர்களுக்கு நாற்பது வயது, ஐம்பது வயது. எந்தச் சரக்குக்கு எந்த வகை எண், எந்தச் சலுகை எந்த அறிவிப்பில் என்பதை விரல் நுனியில் வைத்திருப்பவர்கள். ‘எச் கார்டு’ எடுத்தவர் சிலர். தேர்வெழுதி ‘ஜி கார்டு’ எடுத்தவர் சிலர். எந்தக் கார்டும் இல்லாமலே முப்பது ஆண்டு நடந்தவர் பலர். தாள் நின்றதும் நடையும் நின்றது. நடை நின்றதும் வேலை? ஒரு கணிப்பொறியும் ஓர் இளைஞனும் போதும் என்கிறது கம்பெனி. நாம் கணிப்பொறியை உடைக்கச் சொல்லவில்லை. இந்த அனுபவசாலிகளை உட்காரவைத்து, டோல்கேட்டிலும் இராயபுரத்திலும் எண்ணூரிலும் உள்ள இ-சேவை மையங்களில் ஆளுக்கொரு மேசை கொடுத்து, சிறு பட்டறைக்காரர்களுக்கு ரீபண்டு மனுவைச் சரிபார்த்துக் கொடுக்கச் செய்தால் என்ன? அதற்கான செலவுக்கு டில்லியிடம் பணமில்லையா? இறக்குமதித் தீர்வையின் மேல் பத்து விழுக்காடு ‘சமூக நல மேல்வரி’ என்று 2018 முதல் வாங்குகிறார்களே! மேல்வரி என்பதால் மாநிலங்களுக்கு அதில் ஒரு காசு பங்கில்லை; முழுவதும் அவர்கள் பெட்டிக்கே. நமது துறைமுகத்தில் வாங்கி, நமது சாலையைப் பள்ளமாக்கி, நமக்குப் பங்கும் தராமல் எடுத்துச் செல்கிற பணத்துக்குச் சமூக நலம் என்று பெயர் வைத்தவர்கள், அந்தச் சமூகத்தில் இராயபுரத்துக் குமாஸ்தாவையும் ஒருவராக எண்ணட்டும்.

கொடுக்கும் வட்டியை 15 ஆக்கச் சட்டம் திருத்தவேண்டியதில்லை. ஓர் அறிவிப்பு போதும். 15 வாங்குகிறவர்கள் 15 கொடுக்கட்டும், அல்லது 6 கொடுக்கிறவர்கள் 6 வாங்கட்டும். எதுவானாலும் நமக்குச் சம்மதம். குடிமகனின் கெடுவை எண்ணும் கடிகாரம் அந்த இணையவாசலில் ஓடிக்கொண்டிருக்கிறது. அதன் பக்கத்தில், அலுவலகத்தின் கெடுவை எண்ணும் இன்னொரு கடிகாரத்தை எந்தத் தேதியில் மாட்டப்போகிறார்கள் என்பதை டில்லி சொல்லட்டும்.